வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

டம்ளர் விழுந்த சத்தத்தில் தையல்காரியின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. ஊசி துணிக்குள் பாதி இறங்கியபடி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது.

"கை வழுக்கிடுச்சும்மா," என்றாள் மகள் அடுப்படியிலிருந்து.

"பரவாயில்ல. துணி எடுத்துத் தொடச்சிடு."

குரலில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். 

வெளியே நாலு நாளாக மழை. அந்த மாடி அறையில் இரண்டு மெஷின்கள், ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலை மூடினால் வெளிச்சம் இல்லை, திறந்தால் சாரல் துணியில் அடித்தது. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவுக்கு எண்பது கால்சட்டை தைக்க வேண்டும். இடுப்புக்கு எலாஸ்டிக், ஓரத்தில் வெள்ளைப் பட்டை. ஈரத்தில் நூல் நைந்துபோய், பத்துக் கால்சட்டைக்கு ஒரு தடவை அறுந்தது.

"அம்மா, ஓவர்லாக்குல நூல் போயிருக்கு. நான் கோக்கட்டா?"

"கோத்துடு."

துணியின் ஓரம் அடிக்கும் அந்த மெஷினுக்கு நாலு நூல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சந்தில் நுழைந்து வர வேண்டும். தெருமுனைத் தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்காவுக்கே அரை மணி நேரம் ஆகும் வேலை. ஒன்பது வயது மகள் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கண்ணை இடுக்கி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் நாலையும் கோத்துவிட்டாள். தையல்காரி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் இருக்கிறதா? இல்லை. இன்றைக்கு இல்லை.

அவளுடைய தம்பிக்கும் டம்ளரில்தான் ஆரம்பித்தது. அப்போது அவனுக்குப் பத்து வயது. முதலில் டம்ளர். அப்புறம் பென்சில். அப்புறம் நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடித்தது. மாடிப்படியில் கடைசிப் படியைக் காலால் தடவித் தடவி இறங்கினான். பதினாறு வயதில் கரண்டி தூக்க முடியவில்லை. பத்தொன்பதில் போய்ச் சேர்ந்தான். அடுத்த வருஷம் அவளுக்கு வரன் வந்தபோது அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். "காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிடுவோம். வேற மாதிரி சொன்னா உன்னை எவன் கட்டுவான்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். அந்தச் சோற்றைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருஷமாகச் சாப்பிடுகிறாள்.

மகள் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது முதலில் ஜாடியின் மூக்கை டம்ளர் விளிம்பில் ஒட்ட வைத்துக்கொள்கிறாள். ஒட்டாவிட்டால் தண்ணீர் வெளியே போகிறது. கடைசிப் படியைக் காலால் தடவித்தான் இறங்குகிறாள். இதையெல்லாம் தையல்காரி யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதில் வேறொன்று செய்தாள். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு விளையாட்டு. வியாழக்கிழமைதோறும் ஒரு கடிதம் எழுதினாள். *என் மகளுக்குக் காய்ச்சல் இருப்பதால் விளையாட்டு வகுப்பில் உட்கார வைக்கவும்.*

மகள் மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, நாளைக்கு எனக்குக் காய்ச்சலா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"லேசா."

"அப்ப கணக்கு வகுப்புக்கு இருக்காதுல்ல?"

"இருக்காது. போய்ப் படி."

*

அவரை எல்லோரும் விசில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை தைத்த வரைக்கும் கால்சட்டைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு தையல்காரி விளையாட்டு அறைக்குப் போனபோது, அவர் மேஜை மேல் ஒரு கடிதக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறை முழுக்க ரப்பர் வாசனை. மூலையில் வலைக்குள் பந்துகள்.

"உக்காருங்கம்மா. தையல் நல்லாருக்கு. இது நல்லால்ல." கடிதங்களைத் தள்ளினார். "பதினோரு கடுதாசி. எல்லாம் வெள்ளிக்கிழமை. உங்க வீட்டுக் காய்ச்சலுக்குக் காலண்டர் பாக்கத் தெரியும் போல."

தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். "அவ உடம்பு வாகு அப்படி, டீச்சர்."

"கணக்குல நூறு வாங்குற உடம்பு. சரி, திட்டறதுக்குக் கூப்பிடல. போன மாசம் ஒரு நாள் நீங்க கடுதாசி குடுக்க மறந்துட்டீங்க. நான் ஆட விட்டுட்டேன். பெரிய பந்து. நாலடி தள்ளி நின்னு மெதுவாப் போட்டேன். கையை நீட்டுறா. சரியான இடத்துலதான் நீட்டுறா. ஆனா பந்து போனப்புறம் கை மூடுது."

"பயந்த புள்ள."

"பயந்த புள்ளைங்களை முப்பது வருஷமாப் பாக்குறேன். அதுங்க கண்ணை இறுக்கி மூடிக்கும், தலையைத் திருப்பிக்கும். இவ முழிச்சுப் பாத்துக்கிட்டே விடுறா. அதான் எனக்குப் புடிபடல." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "புள்ளைங்க அவளை ஓட்டக்கைன்னு கூப்பிடுதுங்க. வீட்டுல சொன்னாளா?"

"இல்லியே."

"சொல்ல மாட்டா. மறைக்கத் தெரிஞ்ச புள்ள."

தையல்காரிக்கு முகம் சுட்டது.

"ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா."

"சரி டீச்சர்."

சரி என்ற வார்த்தை அவளுக்கு எப்போதும் சுலபமாக வரும். அது டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அவ அப்பா நம்பர் எங்கிட்ட இருக்கு. நானே பேசிக்கிறேன்."

 வெறும் பையோடு படி இறங்கும்போது அவளே கடைசிப் படியில் தடுமாறினாள்.

*

லாரி ஓட்டுகிற புருஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். குளித்துவிட்டு, சோறும் முட்டையும் சாப்பிட்டு, மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அறையை இரண்டு சுற்று வந்தான்.

"உங்க விசில் டீச்சர் போன்ல ஊதுன ஊதல் இன்னும் காதுல கேக்குது. என்னடி பாப்பா, உனக்குப் பந்து புடிக்க வராதாமே?"

மகள் அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான் யாரு? கோல்கீப்பர். எங்க தெருவுல என் கையைத் தாண்டி ஒரு பந்து போனதில்ல. கோல்கீப்பர் பொண்ணு ஓட்டக்கைன்னா என் மானம் என்னாறது? வா கீழ. மழை விட்டிருக்கு."

"வேணாங்க," என்றாள் தையல்காரி. "அவளுக்கு உடம்பு..."

"என்ன உடம்பு? குதிர மாதிரி இருக்கா."

ஜன்னலில் நின்று பார்த்தாள். சந்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவன் ஒரு பழைய டென்னிஸ் பந்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, குனிந்து, பூப்போல எறிந்தான். அது மகளின் தோளில் பட்டு விழுந்தது. இன்னொன்று. கைக்கு மேலே போனது. "பந்தப் பாரு கண்ணு, என்னைப் பாக்காத." இன்னொன்று. "பாக்கறேன்பா." ஐந்து, ஆறு. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தெருவில் ஒரு பையன் நின்று வேடிக்கை பார்த்தான். அதனாலோ என்னவோ, ஏழாவது பந்தைக் கொஞ்சம் வேகமாக எறிந்துவிட்டான்.

மகள் கையை விரித்தபடி, கண்ணைத் திறந்தபடி, அசையாமல் நின்றாள். பந்து அவள் மூக்கில் அடித்தது.

தையல்காரி படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. போனபோது அவன் சேற்றில் முட்டி போட்டு மகளின் மூக்கைத் தன் பனியனால் பிடித்துக்கொண்டிருந்தான். பனியனில் ரத்தம் ஊறியது.

"ஏன் கண்ணு விலகல? வரதப் பாத்தல்ல?"

"பாத்தேன்பா." மகள் அழவில்லை. மூக்கடைத்த குரலில் யோசித்துச் சொன்னாள். "பந்து தூரத்துல சின்னதா இருந்துச்சு. அப்புறம் மூஞ்சில இருந்துச்சு. நடுவுல இல்ல."

"நடுவுல இல்லன்னா?"

"நடுவுல இல்லப்பா. எல்லாருக்கும் அப்படித்தானே?"

அவன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் பயத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தன் முகம் பதினோரு வருஷமாக எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரி," என்றான்.

"மழையா இருக்கு."

"மழையில ஆஸ்பத்திரி கரைஞ்சா போயிடும்?"

"போன வருஷம்தான் ஸ்கூல்ல கண்ணு, காது, பல்லு எல்லாம் பாத்தாங்க. எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க."

"அப்ப நல்லாருக்குன்னு இன்னொரு தடவ கேட்டுட்டு வருவோம். உனக்கு என்ன பயம்?"

 மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

*

குழந்தைகள் டாக்டர் நடுவயதுப் பெண். மேஜையில் ஆறிப்போன டீ. மகளின் பெயர், வயது, டம்ளர் விழுந்தது, பந்து அடித்தது எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், தலை நிமிராமல் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா? கை தடுமாறுறது, நடை தடுமாறுறது?"

"யாருக்கும் இல்லீங்க டாக்டர்," என்றான் அவன். "எங்க பக்கம் எல்லாம் கல்லு மாதிரி. இவளுக்கு ஒரு தம்பி இருந்தான், அவனும் காய்ச்சல்லதான் போனான்."

டாக்டர் 'இல்லை' என்று எழுதப் பேனாவைத் தாளருகே கொண்டுபோனார். தையல்காரி அந்தப் பேனா முனையைப் பார்த்தாள். தாளில் பட்டுவிட்டால் அவ்வளவுதான் என்று தோன்றியது.

"காய்ச்சல் இல்ல," என்றாள்.

பேனா நின்றது. அவள் சொன்னாள். டம்ளர், பென்சில், படி, கரண்டி. ஒவ்வொன்றாக, வயசு வாரியாக, தப்பில்லாமல் சொன்னாள். அவ்வளவு வருஷமும் அது அவளுக்குள் அடுக்கி வைத்த துணி போலக் கலையாமல் இருந்தது. புருஷன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. அவன் நாற்காலி ஒரு தடவை கிரீச்சென்றது. 

டாக்டர் எழுந்து வந்தார். "பாப்பா, இந்தக் கோட்டு மேல நட."

தையல்காரிக்கு இந்தச் சோதனைகள் தெரியும். இதே மாதிரி ஓர் அறையில் தம்பிக்குச் செய்தார்கள். கோட்டில் நடப்பது முதலாவது. மகள் நடந்தாள். ஒற்றைக் காலில் நிற்பது இரண்டாவது. நின்றாள். தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது மூன்றாவது. தம்பி மூன்றாவதில்தான் விழுந்தான். 

மகள் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் மாதிரி எழுந்தாள். "இன்னொரு தடவ செய்யட்டா?"

டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்தார். கையைப் பிடித்து இழுக்கச் சொன்னார். அவர் முகத்தில் குழப்பம் வந்தது. "பலம் நல்லாருக்கு. வீட்டுல கையால என்ன வேலை செய்வா?"

"நூல் கோப்பா," என்றாள் தையல்காரி. "என்னை விட வேகமா கோப்பா."

"நூலா? பந்து புடிக்க வராதவளுக்கு ஊசியில நூல் கோக்க வருதா? எப்படிக் கோப்பா?"

மகள் செய்து காட்டினாள். இல்லாத ஊசி, இல்லாத நூல். இடது கண் இடுங்கியது, நாக்கு நுனி வெளியே வந்தது.

"எப்பவும் அந்தக் கண்ணையா மூடுவ?"

"எல்லாரும் ஒரு கண்ண மூடித்தானே டாக்டர் கோப்பாங்க?" என்றாள் தையல்காரி.

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஓர் அட்டையை எடுத்து மகளின் வலது கண்ணை மறைத்தார். மகள் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். மறுபடி மறைத்தார். மகள் கையைத் தட்டிவிட்டாள். "எடுங்க டாக்டர்."

"ஒரு நிமிஷம்தான். அந்தக் கதவுல ஒரு படம் மாட்டியிருக்கு. சீப்பு மாதிரி இருக்குல்ல, அதோட பல்லு எந்தப் பக்கம் பாக்குதுன்னு ஒவ்வொண்ணா சொல்லு."

மகள் நிமிர்ந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, கையாலும் காட்டிக்கொண்டே, கடகடவென்று சொன்னாள். "வலது. கீழ. இடது. இடது. மேல. வலது. மேல. கீழ. கீழ."

டாக்டர் திரும்பிக் கதவைப் பார்த்தார். அதில் முதல் சீப்பு மேலே பார்த்திருந்தது.

"இது எங்க படிச்ச?"

"ஸ்கூல் அட்டை. அம்மா சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் மகள் பெருமையாக. "இன்னும் ஞாபகம் இருக்கும்மா!"

போன வருஷம் சீருடைக்கு அளவெடுக்கப் போனபோது, சோதனைக்கு முந்தின நாள், அந்த அட்டை வராந்தாவில் மாட்டியிருந்தது. தையல்காரி தன் அளவு நோட்டில், மார்புச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் நடுவே, அதை வரிசையாகக் குறித்துக்கொண்டாள். கண்ணில் குறை இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஏதாவது ஒன்று என்று யாராவது ஆரம்பித்தால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே தம்பி வரைக்கும் வந்துவிடுவார்கள் என்று பயந்தாள். ஒரு சாயங்காலம் முழுக்க மகளுக்கு அதை ஆட்டம் மாதிரிக் கற்றுக்கொடுத்தாள். வலது, கீழ, இடது, இடது.



*

மாடியில் கண் பிரிவில் சொட்டு மருந்து விட்டு, மூன்று மணி நேரம் உட்கார வைத்து, கருவிகளில் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கீழே குழந்தைகள் டாக்டர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்.

"வலது கண்ணு நல்ல கண்ணு. இடது கண்ணுல பவர் ரொம்ப அதிகம். சின்ன வயசுலேருந்தே மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கு. அதனால மூளை அந்தக் கண்ணைக் கேக்கறதையே விட்டுடுச்சு. ஒத்தக் கண்ணாலதான் இவ்வளவும் செஞ்சுக்கிட்டிருக்கா. ஊசி கையில இருக்கு, தடவிக் கோத்துடலாம். பந்து நம்மள நோக்கி வருது. ரெண்டு கண்ணும் சேந்து பாத்தாத்தான் அது எங்க இருக்கு, எப்ப வந்து சேரும்னு சரியாத் தெரியும்."

"நடுவுல இல்லன்னு சொன்னா," என்றான் அவன். காய்ச்சல் இல்லை என்று அவள் சொன்ன பிறகு அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா."

"வந்துடுமா டாக்டர்?"

"கண்ணாடி போடணும். தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி வச்சு, இந்தக் கண்ணுக்கு வேலை குடுக்கணும். அஞ்சாறு வயசுல வந்திருந்தா சுலபம். இப்ப ஒம்பது. கொஞ்சம் வரும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

"போன வருஷம் வந்திருந்தா?"

டாக்டர் தையல்காரியின் முகத்தைப் பார்த்தார். "போன வருஷத்த விடுங்க. இந்த வருஷத்தப் பாப்போம். அப்புறம், உங்க தம்பிக்கு வந்ததுக்கு இவகிட்ட இன்னைக்கு எந்த அடையாளமும் இல்ல. ஆனாலும் ஆறு மாசத்துல திரும்பக் கூட்டிட்டு வாங்க. ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. விளையாட்டுலேருந்து நிறுத்தாதீங்க."

பஸ்ஸில் மகள் அப்பாவின் மடியில் தூங்கிவிட்டாள். மருந்து விட்ட கண்கள் வீங்கியிருந்தன. தையல்காரி பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் மழை வழிந்தது. ஐந்தாறு நிறுத்தம் போன பிறகு, சாலையைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

"மலையில வண்டி எறங்கும்போது பிரேக் புடிக்கலன்னா, பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்லணும். அவன் பயப்படுவான்னு சொல்லாம ஓட்டினா, ரெண்டு பேரும்தான் போய்ச் சேருவோம்."

"சொன்னா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு..."

"போயிருப்பனோ என்னவோ." அவன் மடியில் நழுவிய மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டான். "அப்ப நான் சின்னப் பையன். தெரியல. இப்பக் கேட்டா தெரியும்."

 இறங்கும்போது மகளை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டை மனைவியிடம் நீட்டினான். "நீயே வச்சுக்க. இனிமே ஒளிக்காத." விடியும் முன் லோடுக்குப் போய்விட்டான்.

*

கண்ணாடி புதன்கிழமை வந்தது. தடித்த இடது சில்லுக்குள் மகளின் கண் சின்னதாக, வேறு யாருடைய கண் மாதிரியோ இருந்தது. சாயங்காலம் தையல்காரி கால்சட்டைத் துணியில் மிச்சம் வந்த துண்டை மடித்துத் தைத்து, மகளின் வலது கண்ணை மூடினாள்.

"அம்மா, நீ எங்க இருக்க?"

"இங்கதான்டி. உன் முன்னாடி."

"கலங்கலா இருக்க."

"பரவாயில்ல. நூல் கோ."

பெரிய கோணி ஊசியாகத்தான் கொடுத்தாள். மகள் ஊசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள், தள்ளி வைத்தாள். நூல் நுனி ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. எச்சில் பட்டு நூல் நனைந்து தளர்ந்தது. ஐந்து நிமிடத்தில் நாலு நூல் கோத்தவள் அரை மணி நேரம் ஒரு நூலோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். மூடின துணிக்கு அடியிலிருந்து கண்ணீர் வந்தது.

"இதுவும் எனக்கு வராமப் போயிடுச்சாம்மா?"

ஊசியைப் பிடுங்கிக் கோத்துக் கொடுத்துவிடக் கை பறந்தது. தையல்காரி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு நூல் நுழையவில்லை. மறுநாளும் நுழையவில்லை.

வியாழக்கிழமை இரவுச் சோற்றுக்கு முன் தாளை எடுத்தாள். *என் மகளுக்குக் கா* வரைக்கும் கை தானாக எழுதிவிட்டது. கிழித்தாள். இன்னொரு தாளில் எழுதினாள். *என் மகளுக்கு இடது கண் தெரியவில்லை. போன வருடம் நான்தான் மறைத்துவிட்டேன். பெரிய பந்தாகப் போடவும். உட்கார வைக்க வேண்டாம்.* கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது. தம்பிக்கு நடுங்கிய மாதிரியே இருந்ததால் ஒரு கணம் விரலை உற்றுப் பார்த்தாள்.

காலையில் மகள் வாசலில் நின்று கேட்டாள். "அம்மா, இன்னைக்கு எனக்குக் காய்ச்சலா?"

தையல்காரி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வெறுமே சொல்லிவிட மனம் வரவில்லை.

"இல்ல."

"லேசாக் கூட?"

"இல்லடி."

மகளின் முகம் வெளுத்தது. பையை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். கடைசிப் படியைக் காலால் தடவினாள்.

மிச்சக் கால்சட்டைகளைக் கொடுக்கிற சாக்கில் தையல்காரி கடைசி வகுப்பு நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனாள். மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றாள். மழை விட்டு, தரை சொதசொதவென்று இருந்தது. பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். விசில் டீச்சர் நடுவில் பெரிய மஞ்சள் பந்தோடு. கழுத்து விசிலுக்குப் பின்னால், சட்டைப் பையில், அவள் எழுதிய தாளின் ஓரம் தெரிந்தது.

முதல் பந்தை டீச்சர் தரையில் தட்டி அனுப்பினார். மகள் கை மூடியது. பந்து அதற்குள் தாண்டிப் போயிருந்தது.

"ஓட்டக்கை!" என்றது ஒரு குரல்.

விசில் அலறியது. "யாருடா அது? இங்க வந்து எம்பக்கத்துல நில்லு."

மகள் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து கொடுத்தாள். திரும்பி வட்டத்தில் நின்றாள். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டாள். மூக்கில் ஞாயிற்றுக்கிழமை அடிபட்ட நீலம் இன்னும் இருந்தது. தையல்காரி வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிறுத்துங்க டீச்சர், அவளுக்குக் காய்ச்சல் என்று கத்திவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்தாள்.

"ரெடியா?" என்றார் டீச்சர்.

மகள் தலையாட்டினாள். 

பந்து தரையில் ஒரு தடவை தட்டி எழும்பியது. மெதுவாக, பெரிதாக, மஞ்சளாக வந்தது. மகள் கைகளை நீட்டினாள். தையல்காரி கண்ணை மூடவில்லை. நடுவில் இருந்த அந்தத் தூரம் முழுவதையும் அவள்தான் பார்த்தாள்.

பந்து விரல்களில் மோதி, மார்பில் மோதி, சேற்றில் விழுந்தது.

மகள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, அம்மா அங்கே நிற்பது முதலிலேயே தெரிந்த மாதிரி, சேறு ஒட்டிய பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

"பட்டுச்சும்மா!"